பிரிக்காத மெத்தை

சிநேகிதி வெர்னா வந்தபோது ஓப்பலும் அவள் தம்பி டுவைட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். டுவைட் உபசாரமாக ஊறுகாய் மிளகாயை நகர்த்தினான். "ஐயோ வேண்டாம்ப்பா, அந்த வாசனையே எனக்கு ஆகாது," என்று அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு விஷயத்தைக் கொட்டினாள். டெக்சாஸில் அவள் இப்போது குடியிருப்பது புது நகர் ஒன்று எழப்போகும் புல்வெளியில். இன்னும் ஒரு வீடுகூட இல்லை. குழாய்க்கும் சாக்கடைக்கும் கடன் வாங்கி வரி போட அங்கே ஒரு தனி வட்டாரம் அமையவேண்டும். அதற்கு அந்த மண்ணில் குடியிருப்பவர்கள் வாக்களிக்கவேண்டும். அதனால் நகர் கட்டுபவர் சக்கரம் வைத்த இரண்டு டிரெய்லர் வீடுகளை நிறுத்தி, ஒன்றில் வெர்னாவையும் மற்றதில் அவளுடைய பழைய புருஷன் ராஸ்கோவையும் குடிவைத்தார்.

"ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டோம். ராஸ்கோ அங்க குடியிருக்கவே இல்லைன்னு பக்கத்துப் பண்ணைக்காரன் புகார் குடுத்துட்டான். கள்ள ஓட்டுன்னு ஜெயில்ல போட்டுருவாங்களாம். இந்த மனுஷன் வாயே திறக்கமாட்டேங்கிறான்!"

"விவாகரத்து ஆனவர்தானே, உங்களுக்கென்ன?" என்றான் டுவைட். அவனுக்கு நாக்குதான் முதலில் ஓடும், புத்தி பின்னால் வரும். வெர்னாவின் கண் கலங்கிவிட்டது.

மூவரும் புல்வெளிக்குப் போனார்கள். ராஸ்கோவின் வாசலில் புல் முழங்கால் உயரம். உள்ளே போன டுவைட் துள்ளிக்கொண்டு வந்தான். "அக்கா! மெத்தையில பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கலை. ஆளு மாட்டினான்!"

ஓப்பல் மற்ற டிரெய்லர் பக்கம் நடந்தாள். வெர்னாவின் படியில் சேறு காயாத பெரிய பூட்ஸ் கிடந்தது. சமையல் ஜன்னலில் மிளகாய் ஊறுகாய் ஜாடி, பாதி காலி. அதே படியில் ராஸ்கோ தொப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"வெர்னாவுக்கு மிளகாய் ஆகாது. அப்ப இதைத் தின்னது யாரு ராஸ்கோ? பூட்ஸ் யாருது?" என்றாள் ஓப்பல். "இந்த மண்ணுல குடியிருந்தியான்னுதான் சட்டம் கேக்குது. எந்த டிரெய்லர்லன்னு கேக்கலை. நீ இங்கதான் இருந்திருக்கே. சொல்லித் தொலையேன்!"

"மாட்டேன். இனி என்னை வாசப்படி ஏத்தமாட்டேன்னு சர்ச்ல அத்தனை பேர் முன்னாடி சொன்னவ அவ. ஊர் அவளைப் பார்த்துச் சிரிக்கணுமா? நான் ஜெயிலுக்கே போறேன்."

டுவைட் தலையில் அடித்துக்கொண்டான். இவ்வளவு பிரியத்தையா கள்ள ஓட்டு என்று துள்ளினோம்?

வெர்னா ராஸ்கோவின் தொப்பியைப் பிடுங்கி அவன் தலையில் வைத்தாள். "எழுந்திருய்யா. இப்பவே தேர்தல் ஆபீசுக்குப் போயி நானே சொல்றேன். ஞாயித்துக்கிழமை சர்ச்லயும் சொல்றேன்."

"எல்லாரும் சிரிப்பாங்களேடி."

"சிரிக்கட்டும். நீ முன்வரிசையில எம் பக்கத்துல உக்காந்திரு, போதும்."