விரல் வைத்தவர்கள்

நிரஞ்சன் காலைக் காபியோடுதான் மனுக்களைத் தள்ளுபடி செய்வான். எண்பதாவது மாடியில் குடியிருக்கும் மக்கள்குரல் ஆணையத் தலைவனுக்கு அது பல் துலக்குவது போல ஒரு வேலை. ‘மனுமேடை’ செயலியில் யாரும் எதையும் கேட்கலாம். பதில் உண்டா இல்லையா என்பது அவன் இஷ்டம்.

அன்று மணல்துறையிலிருந்து ஒரு மனு வந்திருந்தது. நகரத்துக்காகக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, தன் உப்புக்கழிவை அந்த ஊர்க் கரையில் கொட்டியது. கிணறுகளெல்லாம் கரித்துவிட்டன. மீன் விற்கும் ஜெனோவா எழுதிய மனுவில் ஊரே திரையில் ஒரு தட்டுத் தட்டிக் கையொப்பமிட்டிருந்தது.

“ஒரு தட்டு தட்டிட்டா போராட்டமா?” என்று நிரஞ்சன் உதவியாளரிடம் சிரித்தான். உடனே விதி மாறியது. மனுவை ஆதரிப்பவர் இனி ஒரு மணி நேரம் திரையிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. உண்மையான கோபம் என்றால் பொறுத்திருக்கும் என்றான்.

மணல்துறை பொறுத்திருந்தது. ஜெனோவா மீன்கூடையை இறக்கிவைத்து, காய்ச்சலில் கிடந்த மகளை மடியில் போட்டுக்கொண்டு விரல் வைத்தாள். பாதியில் மகள் தண்ணீர் கேட்டாள். எடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறு என்றாள். பிள்ளை கேட்டுக் கேட்டே தூங்கிப்போனது.

நிரஞ்சன் அந்த மனுவையும் தள்ளுபடி செய்தான். ஒரு மணி நேரம் சும்மா உட்கார முடிகிறவர்கள் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று குறிப்பெழுதினான். ஆணையக் கூட்டத்தில் அதை எல்லோரும் ரசித்தார்கள்.

அதன்பின் அங்கிருந்து மனுவே வரவில்லை. மனு குறைந்தால் மனநிறைவு என்று கணக்கிடும் ‘நிறைவுமானி’யில் மணல்துறை பச்சைக்கு ஏறியது. மக்கள் திருப்தியாக இருக்கிறார்கள் என்று அறிக்கை கொடுத்தான். அடுத்த வாரம் அவன் வீட்டுக் குழாய் நின்றது. நகரத்துக்கே நின்றது. மணல்துறைக்காரர்கள் கழிவுக்குழாயின் வாயைக் கல் போட்டு அடைத்துவிட்டார்கள். ஆலை ஓடவில்லை.

பேசி முடிக்க நிரஞ்சனையே அனுப்பினார்கள். கரையில் பெண்கள் வரிசையாக நின்று கல் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஜெனோவா யாரென்று விசாரித்து அவளிடம் போனான்.

“உங்க கோரிக்கை என்னம்மா? சொல்லுங்க, இப்பவே நானே மனுவா ஏத்திடுறேன்.”

“கோரிக்கை ஒண்ணும் இல்ல சார்.”

“அப்ப எதுக்கு இதெல்லாம்?”

“உங்ககிட்ட கேட்டது போதும்னு விட்டுட்டோம்.”

குரலில் கோபமே இல்லை. கோபத்துக்கு அவனிடம் நூறு பதில்கள் இருந்தன. ஆனாலும் அவன் கைபேசியில் மனுமேடையைத் திறந்தான்.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,” என்று சொல்லிவிட்டு, அவள் அடுத்த கல்லுக்குக் கை நீட்டினாள்.