நீக்கக் கோரிக்கை

நோட்டீஸில் ஒரு சிறுமி இருந்தாள். படத்தில் இல்லை.

பல் செட் செய்பவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மூன்று தடவை பார்த்துவிட்டாள். "எட்டு வயதுச் சிறுமி, மர நாற்காலியில் அமர்ந்த நிலையில், இடது காலில் மட்டும் காலுறையுடன்" என்று கோர்ட் உத்தரவு நீட்டி முழக்கியது. படத்தில் ஈரம் பாய்ந்த சுவரும் வெறும் நாற்காலியும்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளியே மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருக்க, மாடிப்படிக்குக் கீழே சர்வர் பெட்டியின் விசிறி இரைந்துகொண்டிருக்க, ஹாலில் மகள் கலர் பென்சிலால் எதையோ கிறுக்கியபடி ராகமில்லாமல் முணுமுணுத்துக்கொண்டிருக்க, இப்படி ஒரு வம்பு வீடு தேடி வந்திருந்தது.

அவளே இழுத்து விட்டுக்கொண்டதுதான். தன்னைப் போலப் பல் செட் செய்யும் இருநூறு பேர் அரட்டை அடிக்கட்டும் என்று வீட்டிலேயே ஒரு சின்ன சமூக வலைத்தளம் நடத்தினாள். பல் செட்காரர்களால் என்ன கலகம் வந்துவிடப் போகிறது? ஆனால் அது, ஆளாளுக்கு நடத்தும் நாலாயிரத்துச் சொச்சம் சர்வர்களோடு இணைந்திருந்தது. அங்கே எவரோ போடும் படம் இங்கேயும் ஒரு பிரதியாக வந்து உட்காரும். மொத்தத்துக்கும் முதலாளி என்று யாரும் இல்லாததால், கையில் அகப்பட்டவளுக்கு உத்தரவு வந்தது.

வக்கீலான நாத்தனாருக்குப் போன் போட்டாள்.

"எவனோ போட்டதுக்கு நான் ஏன்க்கா பொறுப்பு?"

"உன் மெஷின்ல இருக்குல்ல? அப்ப நீதான். ஆறு மணிக்குள்ள அழிச்சிடு. மத்தவங்களையும் அழிக்கச் சொல்லி அனுப்பு."

"சொன்னா யாருக்கா கேக்கறாங்க? நூத்துல பத்து பேர் கேட்டா பெரிசு."

"கேக்காட்டி அவங்க தலைவலி. நீ அனுப்பினதுக்கு ஆதாரம் இருந்தா போதும்."

அழித்தாள். நீக்கச் சொல்லும் கோரிக்கையை எல்லா சர்வர்களுக்கும் அனுப்பினாள். அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்குமா? வேறொரு சர்வரில் படம் போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் தன் பெட்டி அங்கிருந்து புதுப் பிரதி ஒன்றை இழுத்து வைத்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். பதற்றத்தில் மறந்துபோனாள்.

படம் திரும்ப வந்தது. நாற்காலியிலிருந்து ஒரு கால் தொங்கியது, காலுறையோடு. முழங்காலுக்கு மேல் சுவர்தான் தெரிந்தது.

வேலைவெட்டி இல்லாத எவனோ செய்த ஒட்டுவேலை என்று திட்டிக்கொண்டே அழித்தாள். மனசு கேட்காமல் இன்னொரு சர்வரில் பார்த்தாள். இப்போது இரண்டு கால்கள். பச்சைக் கவுனின் ஓரம். எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. ஹாலில் பென்சில் சத்தம் நின்றது.

"என்னடி பண்றே?"

"காலு மரத்துப் போச்சும்மா."

அவள் கண் உத்தரவில் இருந்த ஒற்றைக் காலுறைக்குப் போனது. "ரெண்டு கால்லயும் சாக்ஸ் இருக்காடி?"

"ஒண்ணைக் கழட்டிட்டேன். வலது கால்ல கடிச்சுது."

ஓடினாள். நோட்டு திறந்து கிடந்தது. பென்சில் இன்னும் உருண்டுகொண்டிருந்தது. வாசல் கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது. மகள் இல்லை.

கட்டிலுக்கு அடியில் இல்லை. குளியலறையில் இல்லை. பெயர் சொல்லிக் கத்தினாள். விசிறி மட்டும் இரைந்தது.

திரும்பி வந்தாள். படத்தில் மகள் முழுசாக உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கவுன். நெற்றியில் காலையில் வைத்த பொட்டு.

அழிந்துபோகாமல் இருக்க அதை நகல் எடுத்தாள். நகலில் வெறும் நாற்காலி.

அப்போதுதான் பதில்கள் வரத் தொடங்கின. நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது. ஒருநாளும் சொன்ன பேச்சைக் கேட்காதவர்கள், இன்று ஒருவர் விடாமல் கேட்டார்கள். நிறுத்துங்கள், அது என் பெண் என்று எல்லோருக்கும் எழுதினாள். ஒரே ஒருவர் மரியாதையாகப் பதில் போட்டார்: உங்கள் வேதனை புரிகிறது, ஆனால் சட்டச் சிக்கலுக்கு நாங்கள் பொறுப்பேற்க முடியாது.

படம் மிச்சமிருந்த சர்வர்களின் எண்ணிக்கை நாலாயிரத்திலிருந்து இருநூறானது. பன்னிரண்டானது. ஒன்று.

அவளுடையது.

ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. அவள் திறக்கவில்லை. தாழை நெம்பி அவர்களே திறந்துகொண்டு வந்தார்கள், கோர்ட் ஆட்கள் இரண்டு பேர், கையில் உத்தரவோடு. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிடந்தவளைப் பெரியவர் பக்குவமாகத்தான் விலக்கினார். இளையவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

"வெறும் நாற்காலிதானேம்மா," என்றார். "இதுக்குப் போய் அழறீங்க?"

திரையில் மகள் தூக்கச் சொல்லி இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.