பதினோராம் விதி

மாசி பிறந்தும் மேல்மலையில் உறைபனி விடவில்லை. விடிந்ததும் எனக்கு முதல் வேலை, ஆட்டுப் பட்டியின் தண்ணீர்த் தொட்டியில் உறைந்த நீரை உடைத்துவிட்டு, பதினாறு சினை ஆடுகளின் வயிற்றையும் தடவிப் பார்ப்பது. இரண்டு வாரத்தில் ஈனத் தொடங்கிவிடும். இந்த நிலையில் மலையிறக்கி நடக்கவைத்தால் குட்டி தங்காது.

இரண்டாவது வேலை, தலைக்கு மேல் சுற்றும் மண்நோக்கியைத் திட்டுவது. நிலத்தடியை ஊடுருவிப் பார்க்கும் டிரோன் அது. இந்த வருடம்தான் மலையேறி வந்திருக்கிறது. முதுமண் சட்டப்படி, பழங்காலத்தவர் வாழ்ந்த தடயம் எந்த நிலத்தடியில் தெரிந்தாலும், மேலே வாழ்பவர் ஒன்பது நாளில் வெளியேற வேண்டும். அதன்பின் அங்கே ஏர் கூடாது, ஆட்டுக் குளம்பும் கூடாது. செத்தவர்களுக்குப் பட்டா, இருப்பவர்களுக்கு மூட்டை முடிச்சு. அந்தச் சட்டத்தின் விதிகளை எழுதிய தொல்லியலாளர்களில் நானும் ஒருத்தி. அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அன்று காலை மண்நோக்கி என் கேரட் பாத்திக்கு மேலே அசையாமல் நின்றது. மதியத்துக்குள், நிலத்தை அளந்து கம்பம் நடும் அளவர் வந்துவிட்டார். செல்லக்கருப்பன். இருபது வருடங்களுக்கு முன் நான் காலிசெய்யவைத்த சாத்தம்பட்டி ஊர்க்காரர். முகத்தைப் பார்த்ததுமே எனக்கு அடையாளம் தெரிந்தது.

"பானை ஓடு கெடக்கு மேடம். ரெண்டாயிரம் வருசத்துக்கு மேலன்னு காட்டுது."

"அது நான் போட்ட ஓடு தம்பி. தண்ணி வடியட்டும்னு பாத்திக்கு அடியில பரப்பினேன். அகழாய்வுல வேண்டாம்னு ஒதுக்கின சில்லு. இங்க யாரும் வாழல."

"எங்கப்பாவும் இதத்தான சொன்னாரு? கம்மாய்லருந்து வயலுக்கு வண்டல் அடிச்சப்ப கூடவே வந்த ஓடுன்னு, கால்ல விழாத கொறையாச் சொன்னாரு. நீங்க என்ன எழுதுனீங்க?"

எனக்கு மனப்பாடம். 'குடியிருப்பவரின் வாய்மொழி சான்றாகாது.' பிறகு அதுவே பதினோராம் விதியானது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரிகிறது!

"நான் எழுதினது தப்புன்னு கையெழுத்துப் போட்டா மறுவிசாரணை உண்டுல்ல? காகிதத்தக் குடுங்க. உங்க ஊரும் திரும்பக் கெடைக்கும்."

"அப்பா நீங்க குடுத்த தகரக் குடியிருப்புலயே செத்துட்டாரு. ஊரு பூராம் கருவேல மரம். இருபது வருசமா வராத கையெழுத்து, ஆடு சினையானதும் வருதோ?"

அவமானத்தில் காது சுட்டது. கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பிறகு பாத்தியின் நடுவே வெளியேற்றத்துக்கான சிவப்புக் கம்பத்தை அறைந்தார்.

"அதான் போட்டுட்டேனே!" என்று கத்தினேன்.

"விசாரணைக்கு மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் பழைய விதிதான்."

"ஆடெல்லாம் நெறசினையா இருக்கு. எப்படி எறக்குவேன்?"

அவர் சுத்தியலைப் பையில் போட்டார். "எங்களுக்கும் ஒம்பது நாள்தான் குடுத்தீங்க. எங்கக்கா நெறமாசம். லாரி வரல. நடந்துதான் போனா."

ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டார். பட்டியில் ஆடுகள் தீனிக்குக் கத்தத் தொடங்கின. அவருடைய அக்காவின் பிள்ளை என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.