பின்சீட்டுக் கண்ணாடி

சாமளாபுரத்தைத் தாண்டும்போதுதான் தங்கதுரை அதைக் கவனித்தார். காரின் பின்பக்க இடது கண்ணாடி நாலு விரல் இறங்கியிருந்தது. மழை வரும் என்று, தறிக்கூடத்திலிருந்து கிளம்பும்போதே தன் பக்கத்தைத் தவிர மற்ற எல்லாக் கண்ணாடிகளையும் அவர் கையாலேயே கைப்பிடியைச் சுற்றி ஏற்றியிருந்தார்.

சற்று முன்புதான் மகள் இந்துமதி போனில் கெஞ்சியிருந்தாள். "அந்தப் பழைய வண்டிய வித்துருங்கப்பா. வழியில நின்னுபோச்சுன்னா யாருங்க வருவாங்க?"

"நின்னா நானே சரி பண்ணிக்குவேன் கண்ணு. உங்கம்மா போனதுக்கப்புறம் எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

புது வண்டியில் ஒரு பொத்தான் கெட்டாலும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இதற்கு ஒரு ஸ்பேனரும் ஸ்குரூடிரைவரும் போதும். கை வைக்காமல் இதில் எதுவும் அசையாது. அதனால்தான் அவருக்கு இதன்மேல் அவ்வளவு பிரியம்.

வண்டியை நிறுத்தி, இறங்கிப்போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு வந்து மறுபடி கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் தறிச் சத்தமே இல்லாத சாலையில், பெட்ரோல் வாடையும் சட்டையில் ஒட்டிய பஞ்சு வாடையும் ஈரமண் வாசமும் கலந்த காற்றோடு, பொழுது மெல்ல மங்கிக்கொண்டிருந்தது. பின்னால் கர்ர்... கர்ர்... என்று கைப்பிடி சுற்றும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தார். காலி சீட். கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

பேச்சுத்துணை இல்லாமலே பழகிப்போன மனுஷன், பயத்தை மறைக்க விளையாட்டாகச் சொன்னார்: "காத்து வேணுமுங்களா? தாராளமா இறக்கிக்கங்க."

கண்ணாடி முழுதாக இறங்கியது.

பிரேக்கை மிதித்தார். பின்கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஸ்குரூடிரைவரை எடுத்து, பின்கதவுக் கைப்பிடிகள் இரண்டையும் கழற்றி முன்சீட்டில் போட்டார். வண்டியை விரட்டினார். பல்லடம் வந்தது. கடைவீதி வெளிச்சம், ஜனங்கள், பஸ் ஹாரன். பின்னால் சத்தமே இல்லை. பொங்கலூர் சாலையில் திரும்பியதும் நிம்மதியாக மூச்சு விட்டார்.

வலது முழங்காலில் ஏதோ உரசியது.

அவர் பக்கத்துக் கைப்பிடி. தானாகச் சுற்றியது. மெதுவாக. கண்ணாடி ஏறியது. அவர் அதைப் பிடித்துக் கீழே திருப்பினார். அது அவர் கையையும் சேர்த்து மேலே சுற்றியது.

"இறங்கிக்கங்க சாமி," என்றார். "ஊட்டுக்குப் போகோணும். உட்ருங்க."

நாலு கதவுகளின் பூட்டுகளும் ஒவ்வொன்றாக அமுங்கின.

காற்று நின்றது. அவர் மூச்சை அடக்கினார். அடக்கிக்கொண்டே பார்த்தார். கண்ணாடியின் உள்பக்கம், அவர் காதுக்கு அருகே, வட்டமாக ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.