ஆயுள் பரியந்தம்

பின்கட்டு அறையின் கதவு உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

கதவு மழைக்கு ஊறி இறுகிவிட்டது என்றுதான் தட்சிணாமூர்த்தி முதலில் நினைத்தார். கார்த்திகை அடைமழை நான்கு நாளாக விடவில்லை. கடலூர் மஞ்சக்குப்பம் மைதானமே குளமாகக் கிடந்தது, சமையலறையில் உப்புகூட நீர்த்துப் போயிருந்தது. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார். ஊறிய கதவு என்றால் மேலேயும் கீழேயும் பிடித்துக்கொண்டு முனகும். இது முனகவில்லை. நடுவில், தாழ்ப்பாள் இருக்கிற இடத்தில் மட்டும், இரும்பில் இரும்பு இடித்து நின்றது. வீட்டில் அவரைத் தவிர வேறு ஆள் கிடையாது.

மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் மகள் சிந்துஜாவுக்கு அன்றைக்கு வளைகாப்பு. முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு அவர் மட்டும் முன்னால் கிளம்பி வந்திருந்தார். வியாழக்கிழமை ராகு காலம் மூன்று மணிக்கு முடியும். அதற்குப் பிறகு மனைவி மங்கலம் மகளைக் காரில் அழைத்துக்கொண்டு வருவாள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே. தாயும் பிள்ளையும் இருக்கப்போவது இந்தப் பின்கட்டு அறையில்தான். அதில் அடைந்து கிடக்கும் பழைய பத்திர நகல்களை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டு, கூட்டி, கட்டிலைத் துடைத்து வைக்கச் சொல்லி மங்கலம் ஒரு வாரமாக அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து, இரண்டு கலைந்து போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அது நல்லபடியாகப் பிறந்து கையில் வந்தால் போதும் என்பதைத் தவிர அவருக்கு இப்போதெல்லாம் வேறு ஆசையே இல்லை.

குடையைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் சுற்றிப் போனார். காலையில் காற்றோட்டத்துக்காக அவரே திறந்து வைத்த ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடியில் முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்தார். உள்ளே இருட்டு, கட்டிலின் இரும்புக் கால் ஒன்று, அதற்குமேல் எதுவும் பிடிபடவில்லை. மழை குடைமேல் விழுந்து இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலுக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டது. துடைப்பம் தரையில் இழுபடும் சத்தம். மூன்று இழுப்பு, பிறகு மூச்சு வாங்குகிற நேரத்துக்கு ஓர் இடைவெளி, மறுபடி மூன்று இழுப்பு.

பூனையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பூனை கூட்டிப் பெருக்காது என்பதும் அவருக்குத் தெரியும். வீட்டுக்குள் திரும்பி வந்து கதவடியில் நின்றபோது, கீழ் இடுக்கு வழியாக நீலகிரித் தைல வாசனை வந்தது. அந்த வீட்டில் யாரும் தைலம் தேய்ப்பதில்லை. ஆனால் தைலம் தேய்த்துக்கொள்கிற ஒருத்தியை அவருக்குத் தெரியும். தெரிந்திருந்தது.

தட்சிணாமூர்த்தியைப் புரோக்கர் என்று சொன்னால் அவருக்குச் சுருக்கென்று வரும். அவர் கையில் வந்து சேர்பவை எவனும் தொடாத வீடுகள். அண்ணன் தம்பி முகம் பார்க்காத வீடு, இரண்டு தாரத்துப் பிள்ளைகளும் பூட்டுப் போட்ட வீடு, வாரிசு ஒருவன் சவூதியிலும் இன்னொருவன் எங்கே என்றே தெரியாமலும் இருக்கிற வீடு. எல்லோரையும் ஒரே நாளில் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். மூர்த்தி முடித்துக் கொடுத்தால் வில்லங்கம் இருக்காது என்று கடலூரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் பேர். எப்படி முடித்தார் என்று யாரும் கேட்பதில்லை. வேலை முடிந்தால் சரி என்று இருப்பவர்கள்தானே அவரிடம் வருகிறார்கள்.

பங்குனி பிறந்ததும் சிதம்பரத்தில் முடித்துக் கொடுத்த வீடு அது. ரத்தினம்மாளுக்கும் அவள் மகன் கதிர்வேலுக்கும் சரிபாதி. மகன் விற்கத் துடித்தான். அம்மா கையெழுத்துப் போட மறுத்தாள். சாகிற வரைக்கும் பின்கட்டு அறையைத் தனக்கு விடுவதாக எழுதிக் கொடுத்தால் போடுகிறேன் என்றாள். வாங்குகிறவர் நைனா முகம்மது, பரங்கிப்பேட்டைக்காரர், சிங்கப்பூரில் கடை. “நான் ஊருக்கு வர ரெண்டு வருஷம் ஆவும் மச்சான், பெரியம்மா இருந்தா இருந்துட்டுப் போவட்டும்” என்று அவர் போனில் சொன்னார். அதை அம்மாவிடமும் தட்சிணாமூர்த்தி சொல்லவில்லை, மகனிடமும் சொல்லவில்லை. உள்ளே ஆளை வைத்துக்கொண்டு வீட்டை விற்றுக் கொடுத்தார் என்று தன் பேருக்கு ஒரு கறை வந்துவிடக் கூடாது. காரணம் அவ்வளவுதான். சொன்னால் அல்பமாக இருக்கும், ஆனால் அவ்வளவுதான்.

அவளுக்கென்று முத்திரைத்தாளில் தனியாக ஓர் ஒப்பந்தம் தயார் செய்தார். ரத்தினம்மாள் தன் ஆயுள் பரியந்தம் கீழ்க்கண்ட வீட்டின் பின்கட்டு அறையில் குடியிருந்து அனுபவித்துக்கொள்ள வேண்டியது, அன்னாரை யாதொருவரும் வெளியேற்றக் கூடாது என்று வாசகம். அதில் பழுதே இல்லை. சூட்சுமம் கீழே, சொத்து விவரத்தில் இருந்தது. சிதம்பரம் வீட்டை அங்கே எழுதினால் அந்தத் தாள் ஒருநாள் கோர்ட்டில் வந்து நிற்கும். வெற்றாக விட்டால் கிழவிக்குச் சந்தேகம் வரும். வேறு ஏதாவது ஒரு வீட்டின் கதவு எண், சர்வே எண், நான்கெல்லை எல்லாம் வேண்டும். பத்திரம் எழுதுகிறவர் காத்துக்கொண்டிருக்க, யோசிக்காமல் ஒப்பிக்க முடிந்த ஒரே வீட்டை அவர் ஒப்பித்தார். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் தன் சொந்த வீட்டை.

ரத்தினம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கிட்டே போனாலே நீலகிரித் தைலம் மணக்கும். படித்துக் காட்டச் சொன்னாள். சொத்து விவரத்தை விட்டுவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படித்துக் காட்டினார். மகன் கையெழுத்து வேண்டாம், உங்கள் கையெழுத்துத்தான் தம்பி எனக்கு நம்பிக்கை என்றாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, எழுதிக் கொடுப்பவர் என்ற இடத்தில் அவரே கையெழுத்துப் போட்டார். பதினைந்தாம் நாள் மகன் அவளைச் சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டான். அங்கே ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். அதே வாரம்தான் சிந்துஜா குளிக்காமல் இருக்கிறாள் என்று மங்கலம் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னாள். ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்க அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை.

துடைப்பச் சத்தம் நின்றது. இப்போது கட்டிலை நகர்த்துகிற சத்தம். கொஞ்சம் இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் இழுத்து. ஒண்டி ஆளாக, பலமில்லாத உடம்பு நகர்த்துகிற மாதிரி.

கூடத்துக்கு வந்து கதிர்வேலுக்குப் போன் போட்டார். எடுத்தவனிடம் நலம்கூட விசாரிக்காமல், அம்மாவிடம் ஒரு தாள் இருந்ததே, அது என்னவாயிற்று என்று கேட்டார்.

“அத ஏன் சார் இப்ப கேக்கறீங்க? அங்க ஹோம்ல நஜியான்னு ஒரு பொண்ணு வேலை பாக்குது. அதத் தெனமும் சாயங்காலம் அடி வரைக்கும் படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு இருந்திருக்காங்க. கடைசி ரெண்டு நாள் பேச்சே அதுதானாம். மஞ்சக்குப்பம், கதவு நம்பர், கெழக்க தெரு, மேக்க கொல்லை, எல்லாம். எனக்கு அங்க ரூம் இருக்கு, மூர்த்தித் தம்பி எழுதிக் குடுத்திருக்கு, போவணும்னு சொன்னாங்களாம்.”

அந்தத் தாள் எங்கே என்று மறுபடியும் கேட்டார்.

“கையிலேர்ந்து எடுக்க முடியல சார். வெரல் அப்படி இறுகிடுச்சு. சரின்னு அதோடவே வச்சு எரிச்சிட்டோம்.”

போனை வைத்தார். மணி மூன்றரை. அவர்கள் கிளம்பியிருப்பார்கள். மங்கலத்துக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வரவேண்டாம் என்று சொல்லலாம் என்றாலும் என்ன காரணம் சொல்வது? ஒன்பதாம் மாதக்காரியை வழியில் நிறுத்தி, செத்தவள் நம் வீட்டில் குடிவந்திருக்கிறாள் என்றா சொல்வது?

அப்போதுதான் அவருக்குள் இருந்த தொழில்காரன் விழித்துக்கொண்டான். ஆயுள் பரியந்தம். வாசகத்தில் இருப்பது அதுதானே. ஆயுள் இருக்கிற வரைக்கும்தான் உரிமை. ஆயுள் முடிந்தால் உரிமையும் முடிந்தது. இத்தனை வருடத்தில் எத்தனை பேரிடம் இதே நியாயத்தைப் பேசி வெளியே அனுப்பியிருக்கிறார். கொஞ்சம் தைரியம்கூட வந்தது. கதவருகே போய்த் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அம்மா. அதுல ஆயுள் பரியந்தம்னுதான் போட்டிருக்கு. ஒங்க ஆயுள் முடிஞ்சிபோச்சு. அதுக்கப்புறம் ஒங்களுக்கு இங்க பாத்தியதை இல்ல.”

உள்ளே சத்தம் நின்றது. மழைகூட ஒரு கணம் தணிந்த மாதிரி இருந்தது. கதவின் அந்தப் பக்கம், அவர் காதுக்கு நேராக, யாரோ யோசித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மூச்சு கேட்கவில்லை. தைல வாசனை மட்டும் மெல்ல மெல்லக் குறைந்தது. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. அவசரமில்லாமல்.

கதவு தானாகத் திறந்தது. உள்ளே யாரும் இல்லை. தரை துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருந்தது. பத்திர நகல்கள் ஒரு மூலையில் விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. கட்டில் ஜன்னலோரம் போட்டிருந்தது. பிள்ளைக்காரிக்கு எப்படிப் போடுவார்களோ அப்படி, காற்று நேராக முகத்தில் அடிக்காத பக்கமாக.

போய்விட்டாள். தட்சிணாமூர்த்தி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதார். கொஞ்ச நேரத்தில் அந்த அழுகைக்குள்ளேயே ஒரு பெருமையும் வந்தது. செத்தவளிடமே பேசி முடித்தாயிற்று. எப்பேர்ப்பட்ட வில்லங்கம்.

ஐந்து மணி வாக்கில் கார் வந்து நின்றது. மழை இருட்டில் தெருவிளக்கை அதற்குள் போட்டிருந்தார்கள். மங்கலம் முதலில் இறங்கி, ஆரத்தி கரைத்து எடுத்துவர ஓட்டமாக உள்ளே போனாள். போகிற போக்கிலேயே, மகள் வழியெல்லாம் நல்ல தூக்கம் என்றும், பாதி வழியில் திடீரென்று தூக்கிவாரிப்போட்டு எழுந்து, என்ன ஏது என்று கேட்பதற்குள் மறுபடி தூங்கிவிட்டாள் என்றும் சொன்னாள். அது எத்தனை மணிக்கு என்று கேட்டார்.

“மூணே முக்கா இருக்கும். ஏன்?”

அவர் காரைத் திரும்பிப் பார்த்தார்.

சிந்துஜா காரிலிருந்து இறங்கினாள். இரண்டு கை நிறைய வளையல். ஆரத்திக்கு நிற்கவில்லை. அப்பா என்று கூப்பிடவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவித் தடவி, கூடத்தைத் தாண்டினாள். சமையலறையைத் தாண்டினாள். பிறந்து வளர்ந்த வீட்டில் எதற்குச் சுவரைத் தடவுகிறாள்? பின்னாலேயே போனார். அவள் நேராகப் பின்கட்டு அறைக்குள் போய்க் கட்டிலில் ஏறிப் படுத்தாள். அந்த அறைதான் அவளுக்கு என்று அவளிடம் யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

தைல வாசனை. இப்போது அது அறையில் இல்லை. மகளின் மூச்சில் இருந்தது.

“சிந்து.”

கண்ணைத் திறக்காமல் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல்கள் கலகலத்தன. உதடு மெல்ல அசைந்தது. குரல் அவளுடையதுதான். பேச்சு அவளுடையது இல்லை.

“ஆயுள் இனிமேதான ஆரம்பிக்குது, தம்பி.”

அவர் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். ஆரத்தித் தட்டோடு அறை வாசற்படியில் வந்து நின்ற மங்கலத்துக்கு அது மட்டும்தான் தெரிந்தது. “புள்ள உதைக்குதா?” என்று கேட்டுச் சிரித்தாள்.

ஓர் உதை. இன்னொன்று. பிறகு உதை நின்றது. பட்டுப்புடவைக்கு அடியில் வயிறு மெதுவாக எழும்பியது. முதலில் உள்ளங்கை. அப்புறம் விரல்கள். ஒன்று. இரண்டு. ஐந்தும். வயிற்றில் இருக்கிற பிள்ளையின் கை ஒரு புளியிலைக் கொத்து அளவுகூட இருக்காது. இது அவர் கை அளவு இருந்தது. கணுக்கணுவாக, எலும்பும் தோலுமாக, அவர் கைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டு நகர்ந்தது. அவர் இழுத்துப் பார்த்தார். மகள் பிடி விடவில்லை. உள்ளே இருந்தது அவர் கட்டைவிரலைக் கண்டுபிடித்து, தோலோடும் புடவையோடும் சேர்த்துச் சுற்றி வளைத்து, இறுகப் பற்றிக்கொண்டது.

மங்கலம் வாசற்படியில் சிரித்துக்கொண்டே நின்றாள்.