இடக்கரையின் ஒன்பது வண்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்காள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்த காப்பாளர் அம்மையாரின் ஒரு கையில் கண்ணாடி மூடியிட்ட மரப்பெட்டியும், மற்றொரு கையில் துணியட்டை போட்ட பழைய நாட்குறிப்பும் இருந்தன. இரண்டையும் கீழே வைக்க மனமில்லாமல் அழைப்பு மணியை முழங்கையால் அழுத்தினார். அருங்காட்சியகத்தின் பூச்சிப் பிரிவை இருபத்தோர் ஆண்டுகளாகக் கட்டிக் காத்து வருபவர் அவர். முந்தைய நாள் மாலை ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டிருந்தார். அந்தக் கையொப்பம் அவரை அன்றிரவு கண்மூட விடவில்லை.

கதவைத் திறந்த அக்காள் தங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பெட்டியில என்ன?"

"சாணிவண்டுக்கா."

"அதானே. உருப்படியா ஒண்ணு நீ என்னைக்குக் கொண்டு வந்திருக்கே? உள்ளே வா. அத்தான் பேப்பர் படிக்கிறார்."

அத்தான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். கூட்டமாக மாண்டுபோன ஆடுகளைப் பார்த்து விஷம் வைத்தவனை அடையாளம் காட்டியதும், களவுபோன பசுவை அதன் சாணத்தைக் கொண்டே கண்டுபிடித்ததும் அவருடைய பழைய புகழ். அவரைவிடத் துப்பறிவதில் ஆவல் மிகுந்தவள் அக்காள். ஆனால் அவள் குற்றவாளியை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் சான்றுகளைத் தேடுவாள்.

"அத்தான், நாளைக்குப் பதினோரு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. நான் மோசடிக்காரின்னு ஒரு கூட்டம் எழுதிக் கொடுத்திருக்கு. அதைவிட..." என்று தொடங்கிய காப்பாளர் நிறுத்திக்கொண்டார். "நேத்து நம்ம ஊசியாரை வேலையிலிருந்து நிறுத்தி வச்சுக் கடிதம் கொடுத்துட்டேன்."

வண்டுகளுக்கு ஊசி குத்தி, சிறு எழுத்தில் பெயர்ச்சீட்டு எழுதி வைக்கும் பணியாளருக்கு அருங்காட்சியகத்தில் வழங்கிய பெயர் ஊசியார். காப்பாளர் பணியில் சேர்ந்த நாளன்று அவருக்கு நாற்காலி துடைத்துப் போட்டவரும் அவரே.

"மொதல்லேருந்து சொல்லு," என்றார் அத்தான், செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு.

காப்பாளர் நாட்குறிப்பின் பின்னட்டையில் ஒட்டியிருந்த வரைபடத்தை விரித்தார். கிழக்கு மலையில் பிறந்து மேற்கே கடலுக்குச் செல்லும் ஒரு பேராறு. அதன் இருபுறமும் வறண்ட காடு. நீர் போகும் திசையை நோக்கி நிற்பவருக்கு இடக்கைப் பக்கம் இடக்கரை, வலக்கைப் பக்கம் வலக்கரை. இரு கரைகளிலும் ஒரே மரங்கள், ஒரே முட்புதர்கள், ஆண்டில் எட்டு மாதமும் ஒரே வெயில்தான். ஆயினும் வண்டுகள் ஒன்றல்ல. கூன்முதுகன் என்று அருங்காட்சியகத்தார் அழைத்த சாணிவண்டு வலக்கரையில் மட்டுமே வாழ்வது.

"அக்கரைக்குப் பறந்து போகவேண்டியதுதானே?" என்றாள் அக்காள்.

"பறக்காதுக்கா. வறண்ட காட்டுல உடம்பு ஈரம் போகாம இருக்க மேல்சிறகு ரெண்டும் ஒட்டிப் பெட்டி மாதிரி ஆயிடுச்சு. அதுக்கு அந்த ஆறு ஒரு கடல். தலைமுறை தலைமுறையா இக்கரையிலேயே இருக்கிற ஜீவன்."

ஆறு ஆண்டுகளுக்கு முன், ஒரே ஒரு நாள், இடக்கரையில் வைத்த பொறிகளில் ஒன்பது கூன்முதுகன்கள் அகப்பட்டன. பறக்கவும் நீந்தவும் தெரியாத வண்டு அக்கரையிலும் இருக்குமாயின், ஒரு காலத்தில் இரண்டும் ஒரே காடாக இருந்திருக்கவேண்டும். ஆறு பின்னர் தடம் மாறி அதனை இரண்டாகப் பிளந்திருக்கவேண்டும். இவ்வாறு காப்பாளர் எழுதிய கட்டுரை அவருக்குப் பெரும் பெயரைத் தேடித் தந்தது. இப்போது வேறொரு குழுவினர் மூன்று மழைக்காலம் இடக்கரையைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு கூன்முதுகன்கூட அகப்படவில்லை.

"ஊசியாரை எதுக்கு நிறுத்தினே?"

"ரெண்டு கரையிலயும் மாறி மாறிப் படகை ஒதுக்கி, பொறியிலிருந்து வண்டுங்களைக் குப்பியில போட்டு, மூடியில மெழுகுப் பென்சிலால 'இட', 'வல'ன்னு குறிச்சது நான். படகுல உக்காந்து நானே குறிச்சேன். சாயங்காலம் முகாம்ல குப்பிகளைத் திறந்து எண்ணி ஊசி குத்தினது அவர் மட்டும்தான். பெயர்ச்சீட்டும் அவர் கையெழுத்து. நடுவுல வேற யாரும் தொடலை, அத்தான். நேத்து கூப்பிட்டுக் கேட்டேன். 'நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்லைம்மா'ன்னு தரையைப் பார்த்துக்கிட்டு நின்னார். அதான் எனக்குக் கோபம் வந்துடுச்சு."

"சரியாப் போச்சு," என்று அக்காள் கையைத் தட்டினாள். "வலக்கரைக் குப்பியிலிருந்து ஒன்பதை எடுத்து இடக்கரைக் குப்பியில போட்டிருக்கார். உனக்குப் பேர் வந்தா அவருக்கும் மேலே ஏறலாம்னு."

"ஏறினாரா?" என்றார் அத்தான்.

"இல்லை," என்றார் காப்பாளர் மெல்ல. "கட்டுரையில அவர் பேரைப் போடக்கூட நான் மறந்துட்டேன்."

அக்காள் கூரையைப் பார்த்தாள். அத்தான் நாட்குறிப்பை வாங்கி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு வினவினார்:

"அன்னைக்கு வலக்கரைக் குப்பிகள்ல எத்தனை கூன்முதுகன்?"

"ஒண்ணுமில்லை."

"மத்த நாள்ல?"

"பத்து, பதினைஞ்சு... ஒரு நாள் இருபது."

"அன்னைக்கு மட்டும் சொந்த ஊர்ல ஒருத்தன்கூட இல்லை. ஒன்பது பேரும் அக்கரையில விருந்துக்குப் போயிட்டாங்க. இது உனக்கு உறுத்தலையா?"

காப்பாளர் முகம் சிவந்தது. "முந்தின ராத்திரி காத்து பலமா இருந்துது. அதனாலன்னு நினைச்சேன்." சற்றுப் பொறுத்து, "நினைக்கணும்னு இருந்துது, அத்தான்," என்றார்.

"நான்தான் சொன்னேனே," என்று அக்காள் குறுக்கிட்டாள். "அவர் குப்பியை மாத்தினதாலதான் அங்கே ஒண்ணும் இல்லாமப் போச்சு."

"நீ சொல்றதும் பொருந்துது. ஆனா இன்னொண்ணும் பொருந்தும். இதைக் கேளு." அத்தான் நாட்குறிப்பிலிருந்து படித்தார். "முதல் நாள்: 'காலை ஆறரைக்குப் படகு புறப்பட்டது. வெயில் முதுகைச் சுடுகிறது.' மூணாம் நாள்: 'முதுகில் வெயில், பிடரி எரிகிறது.' அஞ்சாம் நாள், அதாவது நம்ம ஒன்பது வண்டு அகப்பட்ட நாள்: 'ஆறரைக்குப் புறப்பட்டோம். துடுப்புக்கு இன்று இரண்டு பேர். தொப்பி எடுக்க மறந்தேன். வெயில் நேர்முகத்தில் அடித்துக் கண் கூசுகிறது.'" அவர் நிமிர்ந்தார். "வெயில் ஏன் கட்சி மாறுச்சு?"

காப்பாளரின் பார்வை வரைபடத்தின் மீது விழுந்தது. கிழக்கே மலை, மேற்கே கடல். காலை ஆறரை மணிச் சூரியன் முதுகில் இருந்தால் படகு மேற்கு நோக்கி, நீரோட்டத்தோடு சென்றது. முகத்தில் அடித்தால்...

"எதிர்த்துப் போனோம்," என்றார். அவருடைய குரல் அவருக்கே கேட்கவில்லை. "எப்பவும் படகேறுற மேல்துறைக்குப் போற பாலம் உடைஞ்சுடுச்சு. அன்னைக்கு ஒரு நாள் மட்டும் கீழ்த்துறையில படகேறினோம்."

"எதிர்த்துப் போறதுக்குத்தான் துடுப்புக்கு ரெண்டு பேர். நாலு நாளா இடக்கைப் பக்கம் வந்த குப்பியில 'இட'ன்னு எழுதிப் பழகின கை. அஞ்சாம் நாளும் இடக்கைப் பக்கம் வந்ததை 'இட'ன்னே எழுதிடுச்சு. படகு திரும்பினப்போ உன் இடக்கை வலக்கரைக்கு வந்துடுச்சு. கை மட்டும் திரும்பலை. கூன்முதுகன் எங்கேயும் போகலை. எப்பவும் இருக்கிற கரையிலதான் இருந்தான்."

மோசடிக்காரி என்ற சொல்லினின்று விடுதலை கிடைத்துவிட்டது. ஆனால் அந்த விடுதலையில் காப்பாளருக்கு ஒரு துளி மகிழ்ச்சியும் இல்லை. ஆறு ஆண்டுகளாக மேடைதோறும் ஆற்றை இடம்பெயர்த்து வந்தது அவருடைய மெழுகுப் பென்சில்.

அக்காள் விட்டுக்கொடுக்கவில்லை. "சரிங்க, தப்பு நடந்தது அப்படின்னே வச்சுக்குவோம். அந்த மனுஷன் ஏன் வாயைத் திறக்கலை? மடியில கனம் இல்லாதவர் நேரா நின்னு சொல்லியிருக்கலாமே."

"நீ முகம் பார்க்கிற கைக்கண்ணாடியைக் கொண்டா," என்றார் அத்தான்.

அவள் கொண்டுவந்த சிறு கண்ணாடியை மேசை மீது வைத்து, பெட்டியைத் திறந்து, முதல் வண்டை அதன் ஊசியோடு பூப்போலத் தூக்கிக் கண்ணாடிக்கு மேலே பிடித்தார். பெயர்ச்சீட்டின் முன்பக்கத்தில் ஊசியாரின் எறும்பெழுத்தில் 'இடக்கரை' என்றிருந்தது. பின்பக்கம் கண்ணாடியில் தெரிந்தது. ஒரு வினாக்குறி, பென்சிலால் இட்டது, கடுகளவு. இரண்டாம் வண்டிலும் அதுவே. ஒன்பதிலும் இருந்தது.

"ஏமாத்தறவன் தன் ஏமாத்து வேலைக்குத் தானே கேள்விக்குறி போடமாட்டான்," என்றார் அத்தான். "சந்தேகம் வந்தவர் போட்டது இது. சந்தேகம் வந்தவர் உன்கிட்டக் கேக்காமலா இருந்திருப்பார்?"

அப்போதுதான் காப்பாளருக்கு அந்த மாலைப்பொழுது முழுதாகத் திரும்பி வந்தது. முகாமின் பெட்ரோமாக்ஸ் விளக்கு; சுற்றிலும் நான்கு மாணவர்கள்; குனிந்த தலையை நிமிர்த்தாமல் ஊசியார் கேட்டது: 'அம்மா, இன்னைக்கு நாம எதிர்த்துல்ல போனோம்? கரை சரியா இருக்கா?' அதற்குத் தாம் சொன்ன விடையும் காப்பாளரின் காதில் ஒலித்தது. 'எனக்கே ஆத்தைக் கத்துக் கொடுக்க வந்துட்டீங்களா? எழுதியிருக்கிறதை எழுதுங்க.' மாணவர்கள் சிரித்தார்கள். ஊசியாரும் கூடச் சிரித்துவைத்தார்.

"கேட்டார்," என்றார் காப்பாளர்.

அக்காள் அருகில் வந்து அமர்ந்து குரலைத் தாழ்த்தினாள். "இங்கே பாருடி. வெயில் முதுகுல அடிச்சுதா முகத்துல அடிச்சுதான்னு எந்தக் குழு படிக்கப் போகுது? நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். எப்படியோ கலந்துபோச்சுன்னு சொல்லிடு. உன் பேர் தப்பிக்கும். அவருக்கு ஓய்வுபெற இன்னும் எட்டு மாசம்தானே?"

"எட்டு மாசம்தான்," என்ற தங்கை எழுந்து பெட்டியை மூடினார். "அந்த எட்டு மாசத்தையும் அவர் திருடன்ற பேரோட வீட்டுல உக்காந்து கழிக்கணுமாக்கா?"

அத்தான் செய்தித்தாளை மீண்டும் விரித்தார். ஆனால் அது தலைகீழாக இருந்ததை அவர் கவனிக்கவில்லை.

நண்பகலில் காப்பாளர் ஊசியாரின் வீட்டுக் கதவைத் தட்டினார். மூன்றாம் மாடியில், நீர்த்தொட்டியை ஒட்டிய ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்த மனைவி உள்ளே வரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. திரும்பி, "உங்க அம்மா வந்திருக்காங்க," என்று மட்டும் சொன்னாள். 'உங்க அம்மா' என்ற சொற்களில் கிடந்த கசப்பைக் காப்பாளர் முழுவதுமாக வாங்கிக்கொண்டார்.

ஊசியார் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். காப்பாளர் நின்றவாறே எல்லாவற்றையும் கூறினார். பாலம், கீழ்த்துறை, முகத்து வெயில், மெழுகுப் பென்சில் என்று ஒன்றையும் விடவில்லை. நாளைக்குக் குழுவின்முன் படிக்கப்போகும் தாளையும் கொடுத்தார். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகவும், தவறு தம் ஒருவருடையதே என்றும், ஐயத்தை அன்றே எழுப்பியவர் ஊசியார் என்றும், அவருக்குக் கொடுத்த பணிநிறுத்தக் கடிதம் இனிச் செல்லாது என்றும் அதில் இருந்தது. ஊசியாரின் முழுப்பெயரை எழுத, இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பிறகு, பணிப்பதிவேட்டைத் திறந்து பார்க்கவேண்டியிருந்ததை மட்டும் அவர் சொல்லவில்லை.

ஊசியார் தாளை இருமுறை படித்தார்.

"அந்த ஆறு இடம் மாறின கதை நல்லாத்தான் இருந்துதும்மா. பேரனுக்குக்கூடச் சொல்லியிருக்கேன்," என்றார்.

"நேத்து ஏன் சொல்லலை? நான் கேட்டேனே."

"நீங்க கேக்கலைம்மா. 'எத்தனை வண்டை மாத்தினீங்க'ன்னு கேட்டீங்க. அதுக்கு என்கிட்டப் பதில் இல்லை."

காப்பாளர் தலைகுனிந்தார். மன்னிப்பு என்ற சொல் நாவின் நுனி வரை வந்து, அவ்வளவு சிறியதாக இருப்பதைக் கண்டு வெட்கி நின்றது. எனினும் சொன்னார். மனைவி உள்ளே பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

"நாளைக்கு வேலைக்கு வந்துடறேன்," என்றார் ஊசியார், தாளை மடித்து நீட்டியபடி. "ஊசி குத்தறேன், சீட்டு எழுதறேன், எல்லாம் செய்யறேன். ஆனா உங்ககூடப் பேசறதுக்குக் கொஞ்ச நாள் ஆகும்மா. அதை மட்டும் அவசரப்படுத்தாதீங்க."

"எத்தனை நாள் ஆனாலும் சரி," என்றார் காப்பாளர்.

கதவு ஓசையின்றிச் சாத்தப்பட்டது. அவர் மூன்று மாடிகளையும் படிப்படியாக இறங்கினார். கீழே வந்ததும், தாம் திரும்பிச் செல்லவேண்டிய தெரு இடப்புறமா வலப்புறமா என்பது பிடிபடாமல் சிறிது நேரம் அங்கேயே நின்றிருந்தார்.