சாயம் குடித்த சுரைக்கொடி

"எங்காட்டுச் சுரைக்கொடி நேத்து ஆலைச் சுவரை இடிச்சுட்டு உள்ள போயிருச்சுங்க. கூப்பிட்டாலும் திரும்பி வரமாட்டேங்குது!"

மாராத்தாள் சொன்னதைக் கேட்டு, அவள் நிலத்தைச் சோதிக்க வந்திருந்த மண் ஆய்வாளர் பூபதிராஜன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சுவர்ல லாரி மோதிருச்சுங்க" என்றார் சாய ஆலை மேலாளர் சிவசாமி, வேர்வையைத் துடைத்தபடி.

ஆலைக்கு வேண்டியது பக்கத்திலிருந்த அவளுடைய விளைகாடு. 'செத்த நிலம்' என்று ஆய்வாளர் அறிவித்துவிட்டால் போதும், சாயக்கசடு கொட்டும் குழியாக அதை எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்துச் சட்டம் அப்படி.

மாராத்தாளா விடுவாள்? வாய்க்கால் வழியே வந்து தன் மண்ணைச் சாகடித்த கசட்டையே எருவாக்கினாள். கசடுண்ணி என்றொரு நுண்ணுயிர், சாயத்தின் நஞ்சைத் தின்று பயிருக்குச் சத்தாகக் கக்கும். ஆய்வகத்தில் சொட்டுக் கணக்கில் வளர்த்ததை வாங்கி வந்து, சாணிக் கரைசலில் வெல்லம் போட்டு ஊறவைத்துவிட்டாள். அப்புறம் காய்த்த சுரைக்காயைக் கேட்பானேன்! ஒன்றைக் குடைந்து ஒரு குடும்பமே குடியிருந்தது. மழைக்கு ஒழுகவில்லை.

ஆலை சும்மா இருக்குமா? ஆய்வாளர் வரும் நாள் நெருங்கும்போது வாய்க்காலைச் சிமெண்ட் வைத்து அடைத்தது. கொடி பட்டினியில் காயும், நிலம் செத்ததாகத் தெரியும் என்று கணக்கு. பசித்த கொடியோ காயும் இலையுமாக, சாயம் இருக்கும் இடம் தேடிக் கிளம்பிவிட்டது.

"காட்டுல ஒரு இலைகூட இல்லையேம்மா!" பூபதிராஜன் அங்கே கிடந்த பச்சைக் குழாய்மேல் உட்கார்ந்தார். "இதைச் செத்த நிலம்னு..."

"ஏனுங் சார், குந்தியிருக்கறது எதும்மேலன்னு பாத்தீங்களா?"

குழாய் நெளிந்தது. அவரையும் சுமந்துகொண்டு சரசரவென்று ஆலைக்குள் பாய்ந்தது.

சற்று நேரத்தில், உள்ளே ஓடிப்போய்ப் பார்த்த சிவசாமி தலைதெறிக்கத் திரும்பி வந்தார். "அக்கா, அதைக் கூப்பிட்டுக்கோங்க! தொட்டியில சொட்டுச் சாயமில்ல. துணியெல்லாம் வெளுத்துப்போச்சு!"

"வாய்க்காலைத் தொறங்க. மூணு வேளையும் அதுக்கு வயிறாரக் கசடு வேணும். கொறைஞ்சா மறுபடி விருந்தாட வந்துரும்."

"அத்தனை கசட்டுக்கு எங்கக்கா போறது?"

"எங்காட்டுல கொட்டறப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு?"

அன்று முதல் அந்த ஆலை ஓடுவதே கசட்டுக்காகத்தான். சாயம் போட்ட துணி அங்கே வெறும் கழிவு. எங்கே கொட்டுவதென்று இன்றும் முழிக்கிறார்கள்.

மேலதிகாரிகள் விசாரித்தபோது, நீலம் முழுக்க உறிஞ்சப்பட்டு வெள்ளையாகிப்போன சட்டையோடு நின்றார் பூபதிராஜன்.

"சுவரை இடிச்சது சுரைக்கொடிதாங்க. ரெண்டாவது சுவரை இடிச்சப்ப நானே அதும்மேலதான் உக்காந்திருந்தேன்."